தேவையில்லாமல் கடன் வாங்கிய தவணையக்கா

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரைகளிலும் கடனே வாங்காமல் வாழ்ந்து முடித்தவர்கள் சிலர் இருந்திருக்கலாம். வாங்கித் திருப்பிக் கொடுக்காமல் வாழ்ந்து முடித்தவர்களை நானே நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு தேவையும் இல்லாமல் கடன் வாங்கி, வாங்கிய பணத்தில் ஒரு சதம்கூடச் செலவழிக்காமல், அதற்கு வட்டியும் கட்டி, சந்தோஷமாகக் கடன்காரியாக வாழ்ந்தவர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தவணையக்கா.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இன்றைக்கும் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பத்துப் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் அவருக்கு வந்த வில்லங்கத்தைப் பிறகு சொல்கிறேன். தவணையக்கா என்றால் திரும்பிப் பார்க்க ஒரே ஒரு ஆள்தான்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் காலம். நான் பட்டினத்துக் கடைத்தெருவில் ஒரு முதலாளியிடம் வேலை பார்த்தேன். நெல் வாங்கி விற்பது அவருடைய தொழில், வட்டிக்குக் கொடுப்பது அவருடைய ஆசை. என் வேலைக்குப் பெயர் கணக்கப்பிள்ளை. உண்மையில் நான் செய்தது விசாரணை. யாராவது கடன் கேட்டு வந்தால் முதலாளி அவருக்குப் பால் விடாத ஒரு பிளேன்டி வரவழைத்துக் கொடுத்து, "ரெண்டு நாளைக்குப் பிறகு வாங்க" என்பார். அந்த இடைவெளியில் நான் தோணி ஏறி அந்த ஆளின் ஊருக்குப் போவேன். தேத்தண்ணிக் கடையிலும் சலூனிலும் கோயில் வாசலிலும் குந்தியிருந்து, "ஆள் எப்படி?" என்று கேட்பேன். வயல் எவ்வளவு, மாடு எவ்வளவு என்பதெல்லாம் சில்லறைக் கேள்விகள். வாங்கினால் கொடுப்பாரா, சொன்ன நாளில் கொடுப்பாரா, இதுதான் பெரிய கேள்வி. இப்போது வங்கிக்காரர்கள் இதற்கென்று பெரிய பெரிய தாள்கள் வைத்திருக்கிறார்களாம். அந்தக் காலத்தில் அந்தத் தாள் நான்தான்.

ஒரு நாள் காலையில் தலையில் தயிர்ச்சட்டிகளோடு ஒரு பெண் கடைக்குள் வந்தார். நாற்பது வயது இருக்கும். உயரமான ஆள். குரல் அவரைவிட உயரம்.

"பத்து ரூபா வேணும்."

"என்னத்துக்கு கா?" என்றார் முதலாளி.

"திருப்பித் தாறதுக்கு."

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் மாட்டிக்கொண்டார். "திருப்பித் தாறதெண்டா எடுக்காமலே விடலாமே?"

"எடுக்காட்டி எப்பிடித் திருப்பித் தாறது? இவ்வளவு பெரிய முதலாளி, இது தெரியாதா?"

முதலாளி பிளேன்டி வரவழைத்தார். நான் தோணி ஏறினேன்.

வவுணதீவுக்கும் அப்பால், வாவியோரமாக இருந்தது அவருடைய ஊர். சில எருமைகள், ஒரு தென்னந்தோட்டம் என்று சொல்ல முடியாத நாலைந்து தென்னைகள், ஒரு புருஷன். புருஷன் வாய் திறந்து பேசுவதை ஊரில் யாரும் கேட்டதில்லை. எருமைகளோடு மட்டும் பேசுவார் என்றார்கள். தவணையக்கா பேசும் அளவுக்கு அந்த வீட்டில் வேறு யாரும் பேச இடமில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். ஊரில் எல்லாரும் அவரைப் பற்றி நல்லதாகவே சொன்னார்கள். கடன் ஏதும் உண்டா என்று கேட்டால் மட்டும் கோபித்துக்கொண்டார்கள். "சீ! அந்தக் குடும்பம் ஆரிட்டயும் ஒரு சதம் வாங்காது!"

நான் உற்சாகமாகத் திரும்பிவந்து இதைச் சொன்னேன். முதலாளியின் முகம் கறுத்துவிட்டது.

"வாங்கினதே இல்லையா? அப்ப குடுப்பாவா எண்டு நான் எப்பிடி அறியிற? வாங்கிட்டு ஏமாத்தினவனுக்கும் ஒரு கதை இருக்கும். ரெண்டு தரம் ஏமாத்தினான், மூண்டாம் தரம் குடுத்தான் எண்டு சொல்லலாம். இந்த மனிசிக்குக் கதையே இல்ல. நான் எதை நம்பிக் குடுக்கிற?"

பத்து ரூபா கிடையாது என்று சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கேட்டவர் கோபிக்கவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"இதத்தான் தம்பி அண்டைக்கும் சொன்னாங்க."

அன்றைக்கு என்பது அதற்கு முந்திய வருஷம். புருஷன் காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்திருக்கிறார். டாக்டருக்கும் மருந்துக்கும் காசு வேண்டும். இவர் கடன் கேட்டுப் பல வாசல் ஏறியிருக்கிறார். எல்லா வாசலிலும் ஒரே பதில்: உங்களோடு கொடுக்கல் வாங்கல் இல்லையே, எப்படிக் கொடுப்பது? கடைசியில் நல்ல கறவை எருமையைப் பாதி விலைக்கு விற்றிருக்கிறார்.

"வாங்க வந்தவன் எருமையப் பாக்கவே இல்ல தம்பி. என்ட முகத்தத்தான் பாத்தான். பாத்திட்டுப் பாதி விலை சொன்னான். தேவை முகத்தில தெரியும். தெரிஞ்சா விலை விழுந்திரும். இனிமேத் தேவை வந்தாப்போல கேக்கிறதில்ல. தேவையில்லாதபோதே போய்க் கேக்கிற. குடுக்கிற. மறுகாக் கேக்கிற. குடுக்கிற. அப்பதான் ஒரு நாளைக்குத் தேவை வந்தா, என்ட முகத்தப் பாக்காம என்ட பேரப் பாப்பாங்க."

நான் படித்த பள்ளிக்கூடத்தில் இதை யாரும் சொல்லித்தரவில்லை. ஆனாலும் பைத்தியம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

எங்கள் கடையில் கிடைக்காத கடனைத் தவணையக்கா வேறு இடத்தில் தொடங்கினார். முஸ்லிம் ஊரான காத்தான்குடியிலிருந்து துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படுவான்கரைக்கு வருகிற வியாபாரி ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் துணிக்காக்கா, அதாவது துணி அண்ணன். வட்டி வாங்க மாட்டார். அது அவருடைய மார்க்கத்துக்கு ஆகாது. நம்பியவர்களுக்குத் தவணைக்குத் துணி கொடுப்பார். தவணையக்கா அவரிடம் ஒரு சீலை எடுத்தார், அடுத்த வெள்ளிக்கிழமைத் தவணைக்கு. கொடுத்தார். பிறகு புருஷனுக்கு ஒரு சாரன் எடுத்தார். கொடுத்தார். பிறகு இன்னொரு சாரன். இன்னொன்று. எருமை குளிப்பாட்டுகிற அந்த மனிதர் வாவிக்கரையில் ஒவ்வொரு வாரமும் புது மாப்பிள்ளை மாதிரி நின்றார். எருமைகளே அவரைப் பார்த்து மிரண்டதாகக் கேள்வி.

சில மாதங்கள் கழித்துத் தவணையக்கா மறுபடியும் எங்கள் கடைக்கு வந்தார். "இப்ப எனக்குக் கதை இருக்கு. துணிக்காக்காட்டக் கேளுங்க."

நான் போய்க் கேட்டேன். துணிக்காக்கா இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

"அந்த மனிசியா? வெள்ளிக்கிழமை எண்டு செல்லிட்டா, நான் தொழப் பள்ளிக்குப் போறத்துக்கு முன்னுக்கு காசோட வந்து நிப்பா மகன். ஒரு கிழமை எனக்கு வயித்து வலி, ஊட்டுல படுத்திருந்தன். தோணி ஏறி காத்தான்குடிக்கே வந்து, 'காக்கா, நீங்க வராட்டி என்ட பேர் என்னாகிற?' எண்டு ஏசினா. கடன் குடுத்தவன் நான். ஒளிச்சுத் திரியிறவனும் நான்!"

முதலாளி பத்து ரூபா கொடுத்தார். அன்றைக்குத் தொடங்கியது எங்கள் கடைத்தெருவின் திருவிழா.

தவணை நாளில் நாங்கள் கடை திறப்பதற்கு முன்பே தவணையக்கா வாசலில் நின்றார். உள்ளே வந்து பணத்தைக் கொடுக்கவில்லை. வாசற்படியில் நின்றபடி, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "முதலாளி! வாங்கின பத்து ரூபா, வட்டியோட! எண்ணிப் பாருங்க!" என்றார். முதலாளி எண்ணினார். "சரி" என்றார்.

"சரி எண்டு எனக்குச் சொன்னாக் காணாது. அங்கால புகையிலைக் கடைக்காரருக்குக் கேக்கச் சொல்லுங்க."

முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு, "கிடைச்சிட்டு!" என்று கத்தினார். எதிர்ப்பக்கத்துப் புகையிலைக் கடைக்காரர் கை காட்டினார். தவணையக்கா திருப்தியோடு உள்ளே வந்து உட்கார்ந்து, "இனிப் பதினைஞ்சு ரூபா தாங்க" என்றார்.

இப்படியே போயிற்று. பதினைந்து இருபதாகி, இருபது ஐம்பதாயிற்று. நாளடைவில் கடைத்தெருவில் யாரும் நாட்காட்டி பார்ப்பதில்லை. தவணையக்காவின் குரல் கேட்டால் மாதம் பிறந்துவிட்டது என்று அர்த்தம்.

வாங்கிய பணத்தை அவர் தொடுவதே இல்லை. வட்டியைத் தயிர்க்காசில் கட்டுவார், முதல் அப்படியே வீட்டில் கிடக்கும். அதைக் காவல் காப்பது புருஷனின் வேலை. அந்த மனிதருக்கோ அடுத்தவன் காசு வீட்டில் இருக்கிறதே என்ற கிலி. தினமும் ஒளித்துவைக்கிற இடத்தை மாற்றுவார். அரிசிப்பானை, கூரை ஓலை, உரலுக்கு அடி. ஒரு தவணை நாளில் எங்கே வைத்தார் என்பதையே மறந்துவிட்டார். கேட்டால் பேசவும் மாட்டார். விரலால் ஒவ்வொரு இடமாகக் காட்டியிருக்கிறார். கடைசியில் அடைக்கோழிக்குக் கீழே இருந்து எடுத்திருக்கிறார்கள். அன்றைக்குத் தவணையக்கா தலையில் வைக்கோலும் கையில் கோழி கொத்திய காயமுமாக ஓடிவந்து, "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா குஞ்சு பொரிச்சிருக்கும் முதலாளி!" என்று நோட்டுகளை நீட்டினார். முதலாளி அவற்றை மூக்குக்குத் தூரத்தில் பிடித்துக்கொண்டே எண்ணினார்.

ஒருமுறை நான் பொறுக்க முடியாமல் கேட்டேன். "அக்கா, சும்மா வைச்சிருக்கிற காசுக்கு மாசாமாசம் வட்டி கட்டுறீங்களே. நட்டம்தானே?"

"நீ வளவுக்கு வேலி கட்டுவாய்தானே? கள்ளன் வராத மாசத்தில கம்புக்காசு நட்டமெண்டு சொல்லுவியா?"

என் வளவுக்கு அப்போது வேலி இல்லை.

அவருடைய பெயர் ஓங்கியதும் பிணை கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர் புருஷனின் தம்பி. புது வண்டி வாங்கக் கடன் வேண்டும், முதலாளி ஒரு பிணை கேட்கிறார், அண்ணி கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். தவணையக்கா வீட்டுக்குள் போய்த் தன் குடையை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார்.

"இத வெள்ளிக்கிழமை கொண்டந்து தா. மறுகாக் கதைப்பம்."

மழை பெய்யாத மாதம். கொழுந்தன் குழம்பிப்போய்க் குடையோடு போனார். வெள்ளி வந்தது, குடை வரவில்லை. சனியும் போயிற்று. ஞாயிறு மத்தியானம் கொழுந்தன் வந்தார். குடையில் ஒரு கம்பி முறிந்திருந்தது. சேவற் சண்டையில் குறுக்கே பிடித்தாராம்.

"இரவல் குடைக்கே இந்தக் கதி. முதலாளிட காசுக்கு என்ன கதி? பிணை நிக்க மாட்டன். போ!"

அதன் பிறகு பிணை கேட்டுவந்த எல்லாரும் அந்தக் குடையை ஒரு சுற்றுக் கொண்டுபோய் வந்தார்கள். நேரத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தவர்களுக்கும் அவர் பிணை நிற்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் நான் விசாரணைக்குப் போகும்போது, "அவன் நல்லவன், குடை நனையாம வந்தது" என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு வார்த்தைக்கு எங்கள் முதலாளி ஐம்பது ரூபா வரை கொடுத்திருக்கிறார்.

இனி அந்தப் பெயர் வில்லங்கம். ஒரு நாள் துணிக்காக்கா தவணையக்காவுக்குத் துணி கொடுக்க மறுத்துவிட்டார். புகையிலைக் கடைக்காரர் முகம் திருப்பினார். முதலாளிகூட, "கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்" என்றார். விஷயம் இதுதான்: தையல் மெஷின்களை மாதத் தவணைக்கு விற்கிற ஏஜன்ட் ஒருவர், தவணையக்காவின் சொந்தப் பெயரைச் சொல்லி, அந்தப் படுவான்கரைப் பெண் மெஷினை எடுத்துக்கொண்டு காசு கட்டாமல் மறைந்துவிட்டாள் என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லியிருந்தார். பெயர் ஒன்று, கரை ஒன்று. ஆள் வேறு என்று யாருக்கும் தோன்றவில்லை.

வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள், அல்லது ஏஜன்டின் சட்டையைப் பிடித்திருப்பார்கள். தவணையக்கா மட்டும் தயிர் விற்பதை நிறுத்திவிட்டு அந்த மற்றப் பெண்ணைத் தேடிப் புறப்பட்டார். ஊர் ஊராக விசாரித்து, பழுகாமத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் கண்டுபிடித்தார். மெலிந்த, பயந்த பெண். அவள் கையைப் பிடித்துத் தோணியில் ஏற்றிக் கொண்டுவந்து, நடுக்கடைத்தெருவில் தன் பக்கத்தில் நிறுத்தினார்.

"எல்லாரும் வந்து பாருங்க! இவ இவ, நான் நான்! பேர் ஒண்டு, ஆள் ரெண்டு! ஏஜன்ட் ஐயா, நீங்க ஆருக்கு மெஷின் குடுத்தீங்க? விரலால காட்டுங்க!"

ஏஜன்ட் மெலிந்த பெண்ணைக் காட்டினார். துணிக்காக்கா தலையில் கைவைத்தார். முதலாளி மூக்குக்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

"நீங்க எல்லாரும் பேரக் கேட்டீங்க. ஆளப் பாத்தீங்களா? ஊட்டப் பாத்தீங்களா? புருசன் ஆரெண்டு கேட்டீங்களா? என்ட பேர ஒரு நாளையில கெடுத்துப்போட்டீங்களே! கெடுத்த சத்தத்திலயே இப்பத் திருத்திச் சொல்லுங்க!"

ஏஜன்ட் கடை கடையாகப் போய்த் திருத்திச் சொன்னார். தவணையக்கா பின்னாலேயே போய், குரல் தாழ்ந்த இடங்களில் மறுபடியும் சொல்லவைத்தார்.

அதோடு முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். அந்தப் பெண் தெருவில் நின்று அழுதுகொண்டிருந்தாள். அவள் புருஷன் மரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து கிடக்கிறான், தைத்த கூலி சாப்பாட்டுக்கே போய்விட்டது, ஏஜன்டுக்குப் பயந்து ஊர் மாறினாள். அதுதான் கதை. தவணையக்கா ஏஜன்டை மறுபடியும் கூப்பிட்டார்.

"மாசம் இவ்வளவு எண்டு கேட்டா இவவால ஏலாது. பாதி பாதியாக் கட்டட்டும். தவணைய நீட்டிக் குடுங்க. மெஷினப் பறிச்சா ரெண்டு பேருக்கும் ஒண்டும் மிஞ்சாது."

"நீங்க பிணை நிப்பீங்களா?" என்றார் ஏஜன்ட்.

"பிணை நிக்க மாட்டன். பக்கத்தில நிப்பன்."

சொன்னபடி ஒவ்வொரு மாதமும் அவளோடு வந்து, அவள் காசு கொடுக்கும்போது பக்கத்தில் நின்றார். அவளையும் கத்தப் பழக்கினார். முதல் மாதம் அவள் குரல் எறும்புக்குக்கூடக் கேட்டிருக்காது. கடைசித் தவணை கட்டிய அன்று புகையிலைக் கடைக்காரர் திடுக்கிட்டு எழுந்துவிட்டார்.

இதெல்லாம் சிரிப்பாக இருந்த காலம். பிறகு இரண்டாம் உலக யுத்தம் வந்தது. பர்மா அரிசி வருவது நின்றுபோயிற்று. விளைந்த நெல்லைத் தவிரச் சோற்றுக்கு வழியில்லை என்ற நிலையில், ஒரு மாரியில் வாவி பெருகி, விதைத்திருந்த வட்டைகள், அதாவது வயல்வெளிகள், முழுவதும் முங்கிப்போயின. தண்ணீர் வடிந்தபோது முளைத்த பயிர் அழுகியிருந்தது. மறுபடியும் விதைக்கலாம், காலம் கொஞ்சம் இருந்தது. ஆனால் ஊரில் விதைநெல் ஒரு கொத்து அளவுகூட இல்லை. அரசாங்கக் கச்சேரிக்கு மனு எழுதுவோம் என்று சிலர் சொன்னார்கள். "மனு போட்டா மறுமொழி முளைக்கும், நெல்லு முளைக்குமா?" என்று கேட்டுவிட்டுத் தவணையக்கா தோணி ஏறினார்.

அன்று தவணை நாள் இல்லை. வாசலில் நின்று கத்தவும் இல்லை. நேராக உள்ளே வந்து முதலாளிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"ஒரு வட்டைக்கு விதைக்கிற நெல்லு வேணும். முழு ஊருக்கும்."

முதலாளி கணக்குப் புத்தகத்தை மூடினார். அந்த நாட்களில் நெல் தங்கம். "வெள்ளத்துக்கு நான் கடன் குடுக்கிறதில்ல. வெள்ளம் திருப்பிக் கட்டாது."

"வெள்ளத்துக்குக் கேக்கல்ல முதலாளி. எனக்குக் கேக்கிறன். ஊருக்கு நான் பங்கு போடுவன். உங்களுக்கு நான் ஒருத்திதான் கடன்காரி."

பிணை நிற்கவே மாட்டேன் என்ற மனுஷி! நான் வழக்கம்போல எழுந்து, "விசாரிச்சிட்டு வரட்டுமா?" என்றேன்.

"ஆரப் போய் விசாரிப்பாய்?" என்று முதலாளி என் மேல் பாய்ந்தார். "இரி அங்கால!"

பிறகு தவணையக்காவின் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இண்டைக்குத்தான் உங்களுக்கு மெய்யாத் தேவை. முகத்தில தெரியுது" என்றார் முதலாளி.

"தெரியட்டும்."

"தெரிஞ்சுதான் தாறன். விலையும் கூட்ட மாட்டன்."

முதலாளியிடம் இருந்தது பாதிக்குத்தான் போதும். மீதிக்கு அவர் துணிக்காக்காவிடம் ஆள் அனுப்பினார். துணிக்காக்கா காத்தான்குடியில் தெரிந்த வீடுகளிலெல்லாம் கேட்டுச் சாக்குகளைச் சேர்த்துவந்தார். "எங்களுக்கு வட்டி வேணாம். நெல்லாத் தாறம், நெல்லாத் தரட்டும்" என்றார். புகையிலைக் கடைக்காரர் தோணிக்கூலி கொடுத்தார். அந்த ஒரு காலையில் கடைத்தெருவில் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. என் உத்தியோக வாழ்க்கையில் விசாரணை இல்லாமல் போன ஒரே கடன் அதுதான், ஆகப் பெரிய கடனும் அதுதான்.

ஊரில் நெல்லைப் பங்கிட்டபோது கொழுந்தனும் சாக்கோடு வந்து நின்றார். தவணையக்கா அவரைத் தள்ளி நிற்கச் சொன்னார். "உனக்குப் பங்கு இருக்கு. ஆனா உன்ட கையில தரமாட்டன். பொஞ்சாதிய வரச் சொல்லு."

வெள்ளாமை நன்றாகத்தான் வந்தது. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் அறக்கொட்டிப் பூச்சி இறங்கியது. அறுத்து அடித்துப் பார்த்தால், எதிர்பார்த்ததில் பாதி. சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்டு கொடுத்தால் கடனில் பாதிதான் தீரும்.

தவணை நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது தவணையக்கா எங்கள் வாசலில் நின்றார். முதலாளி பதறிப்போனார். அந்த மனுஷி நாள் தப்பி வந்ததே இல்லை, முந்தியும் வந்ததில்லை. தவணையக்கா தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு அந்தப் பழைய குரலை எடுத்தார்.

"எல்லாரும் கேளுங்க! தவணையக்கா இந்தத் தவணை தவறப்போறா! வாங்கின நெல்லுல பாதிதான் வரும்! மத்தப் பாதி அடுத்த வெள்ளாமைக்கு!"

கடைத்தெரு அப்படியே நின்றது. முதலாளி ஓடிவந்து, "என்ன கா இது? உள்ளுக்கு வாங்க. மெள்ளக் கதைப்பம்" என்று கெஞ்சினார்.

"குடுத்தபோதெல்லாம் சத்தமாச் சொன்னன். குடுக்க ஏலாததை மட்டும் மெள்ளமாவா சொல்ற?"

சொல்லிவிட்டு அங்கிருந்து நடந்து, துணிக்காக்காவிடமும் நெல் கொடுத்த ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று அதையே சொன்னார். ஒளிந்து திரிகிற கடன்காரர்களைத் தேடியே என் செருப்புத் தேய்ந்திருந்தது. தவறப்போகிறேன் என்று தேடிவந்து அறிவித்த ஒருவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. அன்று மாலை வேறொரு ஆள் கடன் கேட்டு வந்தபோது, முதலாளி அவரிடம், "குடுக்க ஏலாமப் போனா முன்னமே வந்து சொல்லுவீங்களா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அது என் விசாரணைக் கேள்விகளில் முதலாவதாயிற்று.

அடுத்த வெள்ளாமை நன்றாக விளைந்தது. மீதி நெல்லைத் தவணையக்கா தனியாகக் கொண்டுவரவில்லை. துறையில் தோணிக்குப் பின்னால் தோணியாக வந்தது. ஊர்ப் பெண்கள் எல்லாரும் தங்கள் தங்கள் சாக்கோடு இறங்கினார்கள். கொழுந்தனின் பெண்சாதி முன்னால் நின்றாள். எங்கள் வாசலில் அவர்கள் எல்லாரும் சேர்ந்து கத்திய சத்தத்தில் கூரையிலிருந்த காகங்கள் வாவிக்கு மேலே போய் வட்டமிட்டன. முதலாளி எண்ணவில்லை. "சரி, சரி, சரி!" என்று சொல்லிக்கொண்டே நின்றார். துணிக்காக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி விழுந்துவிட்டது என்றார். சாக்குத் தூசி எங்கும் இருந்ததால் நாங்களும் ஒப்புக்கொண்டோம்.

யுத்தம் முடிந்து சில வருஷங்களில், ஒரு சாதாரணக் காய்ச்சலில் தவணையக்கா போய்விட்டார். செய்தி வந்தபோது முதலாளி கடையை அடைக்கச் சொன்னார். தோணி என்றாலே தலைசுற்றும் என்று வாழ்நாள் முழுக்க அந்தக் கரைக்குப் போகாதவர், என் தோளைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு வாவியைக் கடந்தார்.

முற்றம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். தூக்குவதற்கு முன் துணிக்காக்கா எழுந்து நின்றார். அவர்கள் வழக்கத்தில், இறந்தவரை எடுத்துப்போவதற்கு முன்னர் வீட்டு ஆண் ஒருவர் கடன் ஏதும் இருக்கிறதா என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டு, தானே பொறுப்பு ஏற்பார். இது வேறு சமயத்தவர் வீடு என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் கேட்டார்.

"இந்த மனிசி ஆருக்காச்சும் ஒரு சதம் குடுக்க வேண்டி இருந்தா என்னட்டச் செல்லுங்க. நான் தாறன்."

அப்போது யாரும் எதிர்பாராத ஒரு குரல் கேட்டது. எருமைகளோடு மட்டும் பேசுகிற அந்தப் புருஷனின் குரல்.

"காக்கா, அவ இருக்கக்குள்ள இப்பிடிக் கேட்டிருந்தா உங்களுக்கு அடிச்சிருப்பா."

சிரித்தவர்கள் பாதியில் அழுதார்கள். துணிக்காக்கா இன்னும் கொஞ்ச நேரம் நின்று, எல்லா முகங்களையும் ஒருமுறை பார்த்தார். கடன் இருப்பதாக ஒருவரும் சொல்லவில்லை. ஒருவரும் எழுந்து போகவும் இல்லை.